தெரிந்தே செய்தது

பிப்ரவரி 12, ஞாயிறு

இந்த நோட்டைப் பியூலா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அம்மாவுக்குக் காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், மாத்திரை கொடுத்தாயிற்றா, வயிறு ஒழுங்காகப் போனதா என்று தேதி போட்டு எழுதவேண்டுமாம். டாக்டர் கேட்டால் முழிக்கக் கூடாதாம். முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில் ரிஜிஸ்டர் எழுதியவனுக்கு மகள் சொல்லித்தருகிறாள்.

காலை 150/90. இரண்டு இட்லி, மசித்து. ஐந்து மாத்திரையும் ஆயிற்று. வயிறு போகவில்லை.

என் மனைவி சுகிர்தத்துக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை என்கிறார் டாக்டர். வாய் ஓயாதவள். சாப்பாட்டு மேசையில் நான் ஜெபத்தை நீட்டினால், "சோறு ஆறிரும். ஆண்டவருக்கு விஷயம் தெரியும், சுருக்கி முடிங்க" என்பாள்.

பஸ் ஏறப் போகும்போது பியூலா மறுபடியும் ஆரம்பித்தாள். "பகல் முழுக்க ஒரு ஆளைப் போடுவோம்ப்பா. உங்களுக்கும் அறுபத்தெட்டு ஆகுது."

"அவளை நான் பாத்துக்கிடுவேன். நீ கோயம்புத்தூர்ல உன் வேலையப் பாரு" என்றேன். காலையில் குளிப்பாட்டிவிட மட்டும் செல்லத்தாய் வருகிறாள். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். அது போதும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

காலை 146/88. கஞ்சி அரை டம்ளர். வயிறு போயிற்று.

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஏழு பேர் வந்தார்கள். படுக்கை விரிப்பு வெள்ளையாக இருந்ததை எல்லாரும் கவனித்தார்கள். "ஆம்பளை ஒருத்தர் இப்படிப் பாக்கத எங்கயும் கண்டதில்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரருக்கெல்லாம் உங்களைக் காட்டணும்" என்றார் தலைவியம்மா. எல்லாம் கர்த்தருடைய கிருபை என்றேன். பெருமைக்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போக முடியவில்லை. போதகர் ஜெபசிங் போனில் கூப்பிட்டார். பெரிய வெள்ளியன்று சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பேசுகிறார்கள். முதலாம் வார்த்தையை, மன்னிப்பைப் பற்றியதை, நான் பேசவேண்டுமாம். "பாடு அனுபவிக்கிறவங்க பேசினா சபைக்குப் பிரயோஜனமா இருக்கும் அண்ணாச்சி."

ஒத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாகப் பிரசங்கம் செய்கிறேன். இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

காலை 154/92. மூன்று தடவை துணி மாற்றினேன். மூன்றாவது விரிப்பு காயவில்லை, பழைய வேட்டியை மடித்துப் போட்டேன். கரண்ட் இல்லை. பிரசங்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை.

மார்ச் 3, வெள்ளி

காலை 170/100. மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 4, சனி

காலை 160/94. அவளுடைய இடது மேல்கையில் கன்றிப்போயிருக்கிறது. கட்டில் கம்பியில் இடித்திருக்கவேண்டும். ரத்தத்தை இளக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாகப் பட்டாலே கன்றும். டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார். கம்பியில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

குளிப்பாட்டும்போது செல்லத்தாய் கூப்பிட்டாள்.

"ஐயா, இது கம்பி இடிச்ச மாதிரி இல்லையே. விரல் பதிஞ்ச மாதிரில்லா இருக்கு."

"அவளை வீல்சேர்ல தூக்கி வைக்கும்போது பிடிக்கத்தான செய்யணும்?" என்றேன்.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போனாள். நேற்று கம்பி என்று எழுதியிருக்கிறேன், இன்று தூக்கியது என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் காட்டவேண்டிய நோட்டு இது. இனி ரத்த அழுத்தமும் சாப்பாடும் மட்டும் எழுதவேண்டும்.

மார்ச் 6, திங்கள்

152/90. இரண்டு இட்லி. வயிறு போயிற்று.

மார்ச் 7, செவ்வாய்

150/90. கஞ்சி. வயிறு போகவில்லை.

மார்ச் 11, சனி

148/90. பியூலா வீடியோவில் கூப்பிட்டாள். சுகிர்தத்துக்கு முழுக்கை நைட்டி போட்டுவிட்டிருந்தேன். "இந்த வெயிலுக்கு எதுக்குப்பா முழுக்கை?" என்று கேட்டாள். கொசு என்றேன்.

மார்ச் 15, புதன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்துகால வீட்டு ஜெபம் இன்று எங்கள் வீட்டில். பன்னிரண்டு பேர் வந்தார்கள். சுண்டலும் டீயும் ஏற்பாடு செய்தேன். போதகர் ஜெபித்து முடித்து, "அண்ணாச்சி, நீங்க அம்மா தலைமேல கைவச்சு ஜெபிங்க" என்றார்.

கட்டிலருகே போய்க் கையை உயர்த்தினேன். சுகிர்தம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவந்தாள்.

"ஜெபம்னதும் எப்படிக் கண்ண மூடுதாங்க பாருங்க. பேச்சுதான் போச்சு, பக்தி போகல" என்றார் தலைவியம்மா. இரண்டு பேர் அழுதார்கள்.

நான் நீளமாக ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தைகூட நினைவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே அவள் தலை நடுங்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது போதகர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் என் பின்னால் இருந்தது. அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

மார்ச் 17, வெள்ளி

பிரசங்கக் குறிப்பு நகரவில்லை. தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமல் செய்கிறவர்களுக்காகத்தான் ஆண்டவர் சிலுவையில் மன்றாடினார். தெரிந்து செய்கிறவர்களைப் பற்றி அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு இது கண்ணில் படவேயில்லை.

மார்ச் 23, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. செல்லத்தாயிடம் இரண்டு மூன்று நாள் வரவேண்டாம், நானே குளிப்பாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 25, சனி

வேண்டாம் என்று சொல்லியும் செல்லத்தாய் வந்துவிட்டாள். கதவைத் தட்டவில்லை. பின்வாசல் வழியாக நேரே கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கன்னம் வீங்கிக் கெடக்கு."

"கீழ விழப் பாத்தா. பிடிச்சேன்."

"ஐயா, எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. மறுநாள் கண்ணாடில என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். நானும் கேக்கவங்ககிட்ட விழுந்துட்டேன்னுதான் சொல்லுவேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள்தான் வந்து அணைத்தாள்.

"முடியலேன்னா ஒரு குரல் குடுத்தா என்ன? ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கேன். நான் வேலைக்காரி, உங்களப் பேச எனக்கு வயசில்ல, படிப்பில்ல. ஆனா அம்மாவால வாயத் திறந்து சொல்ல முடியாது பாத்தீங்களா. அதான் சொல்லுதேன்."

அடுப்பைத் துடைத்துவிட்டு சுகிர்தத்தைக் குளிப்பாட்டப் போனாள். உள்ளே அவள் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவது கேட்டது. வெகுநேரம் கழித்து சுகிர்தம் அழுவதும் கேட்டது. என் எதிரில் அவள் அழுததில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

தெருவில் குருத்தோலைப் பவனி போயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். தலைவியம்மா எட்டிப் பார்த்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஓலையில் செய்த சிலுவை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதன்பின் இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். பொய் எழுதியிருக்கிற பக்கங்களில் எழுத்து அழகாக இருக்கிறது.

மார்ச் 3 அன்று நடந்தது இது. மத்தியானம் ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இரண்டு தடவை துணி மாற்றியிருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனதும் இடது கையால் தட்டிவிட்டாள். சோறு என் சட்டையிலும் புது விரிப்பிலும் கொட்டியது. மேல்கையைப் பிடித்து உலுக்கினேன். அவள் சத்தம் போட்டாள். சத்தம் வெளியே கேட்குமே என்று வாயைப் பொத்தினேன். பிறகு அடித்தேன், தோளில், இரண்டு தடவை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு தடவை.

ஜன்னலைச் சாத்தியதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கோபத்தில் கண் தெரியாதவன் ஜன்னலைச் சாத்தமாட்டான்.

மார்ச் 10, மார்ச் 14, மார்ச் 22. 22 அன்று கன்னத்தில். 14 அன்று அடித்துவிட்டு மறுநாள் வீட்டு ஜெபத்துக்குச் சுண்டல் சொன்னேன்.

நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் அவள்மேல் கை ஓங்கியதில்லை என்று ஐக்கிய சங்கத்தாரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். பியூலா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அறைந்தேன். சுகிர்தம் அழவில்லை. "இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னா பிள்ளையத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். யாரு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றாள். அதன்பிறகு நான் தொடவில்லை. என் பக்தியினால்தான் மாறினேன் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அவளால் எழுந்து போக முடியும். இப்போது முடியாது. எனக்கு அது தெரியும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

செல்லத்தாயை உட்கார வைத்துவிட்டுப் போதகர் வீட்டுக்குப் போனேன். நடந்தே போனேன். வழியில் பதநீர் விற்கிறவர் நிறுத்தி, அம்மாவுக்குக் கொண்டுபோங்க என்றார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

பெரிய வெள்ளிக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சுகிர்தத்த அடிச்சேன்" என்று வந்துவிட்டது. "நாலு நாள். கடைசி நாள் வீட்டு ஜெபத்துக்கு அப்புறம். தெரிஞ்சே அடிச்சேன்."

அவருக்கு முப்பத்தெட்டு வயது. நான் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் வயது.

"வீட்டு ஜெபத்தன்னைக்கு அவங்க கையக் கொண்டு மறைச்சதப் பாத்தேன்" என்றார். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு அண்ணாச்சி. உங்களப்போய் அப்படி நினைக்கேனேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அந்த நாலாவது தடவை நடந்திருக்காது."

"எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். முழங்கால் போடத் தயாராக இருந்தேன்.

"பண்ணலாம். முதல்ல பியூலாவுக்குப் போன் போடுங்க."

"வீட்டுக்குப் போயி..."

"இங்க இருந்தே போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன். இப்ப நாம ஜெபிச்சா உங்களுக்கு ஆறுதலா இருக்கும், எழுந்து வீட்டுக்குப் போயிருவீங்க. அடிவாங்கினவங்களுக்கு அதனால என்ன ஆச்சு?"

போன் போட்டேன். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். பரவாயில்லை, கேள் என்றேன். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கிடவில்லை. "அம்மா இப்ப யாருகூட இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். செல்லத்தாய் என்றேன். "நான் வர்ற வரைக்கும் அவளைப் போகவேண்டாம்னு சொல்லுங்க. நீங்க உள்ள போகாதீங்க." வைத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் போதகர் ஜெபித்தார். மூன்று நான்கு வாக்கியம்தான். சுகிர்தத்தின் பெயரை முதலில் சொன்னார்.

ஏப்ரல் 5, புதன்

காலையில் பியூலா வந்துவிட்டாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு அம்மாவின் நைட்டிக் கையை மேலே சுருட்டிப் பார்த்தாள். மஞ்சளும் பச்சையுமாக ஆறிக்கொண்டிருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஜன்னலச் சாத்தினீங்களா?" என்றாள். போனில் அதையும் சொல்லியிருந்தேன்.

"சாத்தினேன்."

"நான் ஒரு ஆளைப் போடுவோம்னு எத்தன தடவை சொன்னேன்?"

"நிறைய தடவை."

"ஏன் வேண்டாம்னீங்க?"

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், அது குறைந்துபோகும் என்றுதான். இதை அவளிடம் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. சொன்னேன். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதலாம் வார்த்தையை ஒரு கல்லூரி மாணவி பேசினாள், தடுமாறித் தடுமாறி. நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

விடியற்கால ஆராதனைக்குப் பியூலா அம்மாவை வீல்சேரில் கூட்டிப்போனாள். நான் பின்னால் நடந்தேன். வீடு திரும்பியதும், பியூலா பக்கத்தில் நிற்க, சுகிர்தத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அழகாகக் கேட்டேன். இரண்டு மூன்று நாளாக மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டவனுக்கு ஒரு தலையசைப்புகூட இல்லையா என்று கோபம் வந்தது.

ஏப்ரல் 19, புதன்

பியூலா நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறாள். ஜூன் முடியும்வரை இருப்பாள். பிறகு அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறாள். "நீங்களும் வரலாம்ப்பா. வராட்டியும் சரி. வந்தா அம்மா ரூம்ல தனியா இருக்கக் கூடாது." செல்லத்தாய் இப்போது காலை எட்டு மணிக்கு வந்தால் மாலைவரை இருக்கிறாள். எனக்கு விட்டிருக்கிற வேலை துணி துவைப்பது. தினமும் நான்கைந்து விரிப்பு வருகிறது.

ரத்த அழுத்தத்தைப் பியூலா வேறு நோட்டில் எழுதுகிறாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பிரசங்கிமார் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக்கொடுத்தேன். காரணம் கேட்ட தலைவியம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். என்னை விட்டு ஒரு அடி பின்னால் போனார். இன்று கோயிலில் என் வரிசையில் யாரும் உட்காரவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

மே 9, செவ்வாய்

கொல்லையில் வெயில் ஏறுமுன் துவைத்துவிடுகிறேன். ஜெபத்துக்கென்று உட்கார்ந்தால் பழைய வாக்கியங்கள்தான் வரிசையாக வருகின்றன. பக்கத்தில் நின்று யாரோ கேட்பதுபோல நானே குரலை ஏற்றி இறக்குகிறேன். அதனால் விட்டுவிட்டேன். துவைக்கும்போது, "ஆண்டவரே, நான்தான்" என்று மட்டும் சொல்கிறேன். மேற்கொண்டு ஒன்றும் வருவதில்லை. சோப்பு நுரை அலசி முடியும்வரை அப்படியே நிற்கிறேன். யாரோ என்னை முழுசாகப் பார்த்துக்கொண்டு, போகாமல் நிற்பதுபோல இருக்கிறது. முன்னெல்லாம் இப்படி இருந்ததில்லை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு செய்தபிறகா எனக்கு இது கிடைக்கவேண்டும்?

மே 24, புதன்

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் கெட்டிக்காரி. சுகிர்தம் நேற்று "தண்ணி" என்றாள். இன்று "பியூலா" என்றாள். பியூலா வீடு முழுக்க ஓடினாள். என் பெயரைச் சொல்லச் சொல்லி அந்தப் பெண் கேட்டாள். சுகிர்தம் சொல்லவில்லை. வேண்டாம், விடுங்க என்றேன்.

ஜூன் 14, புதன்

கோயிலில் எல்லாரும் இப்போது நேசமலரைப் புகழ்கிறார்கள். நாற்பது வயதுக்காரி. புருஷன் துபாயில். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை ஒன்றரை வருடமாகத் தனியாகப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எல்லாம் கிருபை என்றாள். எனக்கு அந்தக் குரல் தெரியும்.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"காப்பி போடட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்மா. நான் ஒண்ணு சொல்ல வந்தேன். நான் சுகிர்தத்த அடிச்சேன். ஜன்னலச் சாத்திட்டு அடிச்சேன். எல்லாருக்கும் இப்ப தெரியும், உனக்கும் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் என்னைய மெச்சிக்கிட்டு இருந்த நாள்லதான் அடிச்சேன். உதவி கேட்டா மதிப்புப் போயிரும்னு கேக்கல."

அவள் முகம் மாறியது. "நான் அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ செஞ்சேன்னு சொல்லல. நீ எப்பம்மா கடைசியா நல்லா தூங்கின?"

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். செல்லத்தாய் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பாயை விரித்தாள். காலை பத்து மணிக்குப் படுத்தவள் இரண்டு மணிக்குத்தான் எழுந்தாள். அதுவரை செல்லத்தாய் அந்தக் கிழவியைப் பார்த்துக்கொண்டாள். நான் கொல்லையில் பாத்திரம் கழுவினேன், துணி துவைத்துப் போட்டேன். இனி செவ்வாயும் வெள்ளியும் ஐக்கிய சங்கத்தார் இரண்டிரண்டு பேராக வருவதற்குப் போதகர் ஏற்பாடு செய்கிறார். தலைவியம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 28, புதன்

நாளை மறுநாள் கோயம்புத்தூர் கிளம்புகிறோம். நானும் போகிறேன். மாடியில் எனக்கு ஒரு அறை இருக்கிறது என்றாள் பியூலா. முன்பைவிடக் கொஞ்சம் மென்மையாகப் பேசுகிறாள்.

மாலையில் சுகிர்தத்தை முற்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பியூலா எதிரே அட்டைப்பெட்டியில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். சுகிர்தத்திடம் நேசமலர் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். அவளிடம் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"நான் உன்ன அடிச்சேன்னு சொன்னேன் சுகிர்தம். ஜன்னலச் சாத்திட்டு அடிச்சேன்னு சொன்னேன்."

ஈஸ்டரன்று மன்னிப்புக் கேட்டபோது எத்தனையோ வார்த்தை சொன்னேன். அடித்தேன் என்ற ஒரு வார்த்தையை அன்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இப்போது சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வார்த்தையைத் தேடியது. பியூலா கட்டுகிற கயிற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். பேச்சுப் பயிற்சிக்காரி சொல்லியிருக்கிறபடி யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தோம்.

"வலிச்சுது" என்றாள் சுகிர்தம்.

தெளிவாகச் சொன்னாள். என்னிடம் சொன்னாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மன்னித்துக்கொள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"ஆமா" என்றேன். "வலிச்சிருக்கும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் ஏதோ சொல்ல இருக்கிறது என்று தெரிந்தது. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கொண்டேன்.